தாடிக்கு ஒன்றரை மணி நேரம்

— தலைய ஆட்டாதீங்க செக்ரட்டரி ஐயா. கத்தரி காதுகிட்ட நிக்குது.

— காது போனால் போகட்டும், முடிதிருத்துநரே. எனக்கு விடை வேண்டும். ஒரு மனிதருடைய தாடியை மழிப்பதற்கு எவ்வளவு நேரம் தேவைப்படும்?

— கால் மணி நேரம். முரட்டுத் தாடின்னா இருவது நிமிஷம்.

— எங்கள் போதகருடைய தாடி முரட்டுத் தாடியா?

— அவருதா? பஞ்சு. ரெண்டு இழுப்பு இழுத்தா முடிஞ்சுது.

— அவ்வாறாயின், கடந்த எட்டுத் திங்கட்கிழமைகளாகக் காலை ஒன்பது மணிக்கு இந்தக் கடைக்குள் நுழைபவர், பத்தரை மணிக்கு வெளியே வருவதன் காரணம் யாது?

— அட! எட்டு வாரமா வாசல்ல நின்னு எண்ணினீங்களா?

— வாசலில் அல்ல. எதிரிலுள்ள மருந்துக் கடையில் நின்றேன். சும்மா நிற்க இயலாதே. வாரத்துக்கு ஓர் அட்டை தலைவலி மாத்திரை வாங்கினேன்.

— இப்பிடியே கேள்வி கேட்டுட்டு இருந்தீங்கன்னா அதுல பாதி எனக்குத் தேவைப்படும்.

— நகைச்சுவை வேண்டாம். நான் திருச்சபையின் செயலாளர். போதகருடைய நலனுக்கு நானே பொறுப்பு.

— அப்ப அவரையே கேக்க வேண்டியதுதானே?

— கேட்டேன். "சவரம் பண்ணிக்கிட்டு வந்தேன்" என்றார். அவ்வளவே! ஒன்பது ஆண்டுகளாக அவருடைய பைபிளையும் குடையையும் சுமந்து நடப்பவனிடம் அவர் கூறிய விடை அது.

— பொய் சொல்லலியே.

— உண்மையைக் கூறுங்கள். உங்களிடம் அவர் என்ன பேசுகிறார்?

— ஒண்ணும் பேசறதில்ல.

— ஒன்றரை மணி நேரமும் பேசாமலா?

— என்ன சொல்றேன்னா... தூங்கறாரு.

— என்ன?

— தூங்கறாருங்க. நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே நாற்காலியில. நுரை போட்டு முடிக்கறதுக்குள்ள தலை சாஞ்சிடும். ஒரு பக்கத்தை மட்டும் எப்பிடியோ முடிச்சுட்டு, துடைச்சு விட்டு, நாற்காலியைப் பின்னால சாய்ச்சிடுவேன். கதவுல பலகையைத் திருப்பி 'மூடியிருக்கு'ன்னு போட்டுடுவேன். அவரா முழிச்சதும் மத்தப் பக்கம்.

— குறட்டை விடுவாரா?

— அது எதுக்கு உங்களுக்கு?

— சும்மா கேட்கிறேன்.

— லேசா விடுவாரு. தண்ணி கொதிக்க ஆரம்பிக்கற மாதிரி.

— என் முன்னிலையில் அவர் ஒரு முறைகூடக் கொட்டாவி விட்டதில்லை.

— அதுக்குப் போயி யாராவது வருத்தப்படுவாங்களா?

— என் வீட்டில் மெத்தை வைத்த சாய்வு நாற்காலி ஒன்று இருக்கிறது. அவர் வந்தால் அமர்வதற்கென்றே வாங்கினேன். வேறு எவரையும் அதில் உட்கார விடுவதில்லை, என் மனைவியைக்கூட. அவரோ வரும்போதெல்லாம் அதன் நுனியில் அமர்ந்து, இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, "அப்புறம், வேற என்ன விசேஷம்?" என்பார். இங்கே வந்து, பஞ்சு பிதுங்கிய இந்த நாற்காலியில்...

— நாற்காலியைத் திட்டாதீங்க. எங்கப்பா காலத்துது. சரி, நிமிருங்க, நுரை போடணும்.

— போடுங்கள். ஆனால் பேச்சு முடியவில்லை. நீங்கள் அவருக்காக என்ன செய்திருக்கிறீர்கள்? ஒரு ஞாயிறாவது ஆலயத்துக்கு வந்து அவருடைய அருளுரையைக் கேட்டதுண்டா?

— ஞாயித்துக்கிழமைதானே எனக்குக் கூட்டம். உங்க சபைக்கு வர்ற பாதிப் பேரு இங்க வந்து மொகத்தைக் கழுவிட்டுத்தான் அங்க வர்றாங்க. நான் உங்க சபை ஆளே இல்லீங்களே.

— அதுதான்! அதுதான் என் நெஞ்சை அரிக்கிறது. சபை ஆளே இல்லாத ஒருவரிடம்! நான் அவருக்காகச் செய்தவற்றைச் சொல்லட்டுமா?

— வேண்டாம்னா விடவா போறீங்க? கழுத்தை மட்டும் அசைக்காம சொல்லுங்க.

— சென்ற ஆண்டு அவர் சோர்வாக இருப்பதைக் கண்டேன். பிறர் காணவில்லை, நான் கண்டேன். உடனே ஊக்கக் குழு ஒன்றை அமைத்தேன். நாளொன்றுக்கு ஒரு குடும்பம். செவ்வாய் முதல் சனி வரை, மாலை ஆறரை மணிக்கு அவர் வீட்டுக்குச் சென்று அவரை ஊக்கப்படுத்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரு குடும்பங்கள். இதுவரை ஒரு நாளும் தவறியதில்லை.

— தினமுமா?

— தினமும். தவறுவோரைக் கண்டறிய, போதகர் வீட்டு வாசற்கதவின் உட்புறம் வருகைப் பதிவேடு ஒன்றையும் தொங்கவிட்டிருக்கிறேன். வருவோர் பெயர், வந்த நேரம், சென்ற நேரம், கையொப்பம்.

— ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஒரு அட்டை மாட்டுவாங்களே, அது மாதிரியா?

— அதைவிட நேர்த்தியானது. கோடுகளை நானே அளவுகோல் வைத்துப் போட்டேன். அத்துடன் ஞாயிறுதோறும் அவருக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். அருளுரையில் பாராட்டத்தக்கவை ஏழு, திருத்தத்தக்கவை மூன்று.

— திருத்த ஒண்ணும் இல்லேன்னா?

— தேடிக் கண்டுபிடிப்பேன்.

— திங்கக்கிழமை யாரு போவாங்க?

— திங்கட்கிழமை அவருடைய ஓய்வு நாள். ஆகவே நான் மட்டும் செல்வேன்.

— ஓஹோ.

— அந்த 'ஓஹோ'வின் பொருள் என்ன?

— ஒண்ணுமில்லீங்க. உதட்டை மூடுங்க, மீசைக்கு மேல வர்றேன்... ம். என்ன சொல்றேன்னா, வயிறு எரியுதுன்னா எரியுதுன்னு நேராவே சொல்லிடலாம். எனக்குக் கோவம் வராது.

— எரியவில்லை. சற்றே வெதும்புகிறது.

— அது போதுமே.

— உங்களுக்குப் புரியாது. நாற்பத்தாறு வயது வரை எனக்கு எழுத்துத் தெரியாது. கிடங்கில் பெட்டி சுமந்தேன். ஒரு நாள் கண்ணாடிச் சாமான் பெட்டிகள் முப்பதைத் தலைகீழாக அடுக்கிவிட்டேன். 'இந்தப் பக்கம் மேலே' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்ததாம். வேலை போயிற்று. புதிதாக வந்திருந்த போதகரிடம் சென்று, எனக்காக ஜெபியுங்கள் என்றேன். அவர் ஜெபித்துவிட்டு, ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்து வைத்தார். திங்கட்கிழமைதோறும் அவருடைய சமையலறை மேசையில் அமர்ந்து படித்தேன். மூன்று ஆண்டுகளில் பத்தாம் வகுப்புப் புத்தகத்தையும் முடித்தேன்.

— அதான் பாடப் புத்தகம் எந்திரிச்சு நடந்து வந்த மாதிரியே பேசறீங்க.

— அதைப் பாராட்டாகவே ஏற்றுக்கொள்கிறேன்.

— அது சரி, மூச்சு விடறப்பல்லாம் சட்டைப் பையில என்னமோ மொறுமொறுங்குதே?

— அதற்காகத்தான் இன்று கடைக்குள்ளேயே வந்தேன். சனிக்கிழமை மாலை என் கையில் கொடுத்தார். இடமாற்ற விண்ணப்பம்.

— யாருக்கு இடமாற்றம்?

— போதகருக்கு. "சொந்தக் காரணங்களால் வேறு ஊருக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." ஒரே வரி. இன்று நண்பகலுக்குள் நான் இதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் அடுத்த மாதம் அவர் இங்கே இருக்கமாட்டார்.

— போறாரா? ஐயோ... என்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே.

— உங்களிடமும் கூறவில்லையா?

— இல்லீங்க.

— உறுதியாக?

— சத்தியமா இல்லீங்க.

— நன்று.

— நன்றா?

— மன்னிக்கவும். நாத் தவறிவிட்டது.

— நல்லா இருக்குய்யா உங்க நியாயம்! ஊரை விட்டே அந்த மனுஷன் போறாரு, என்கிட்ட சொல்லலேன்னதும் உங்க மொகத்துல வெளிச்சம் வருது. கண்ணாடியில பாருங்க.

— பார்க்கிறேன். நல்ல காட்சி அல்ல. ஆனால் என் நிலையில் இருந்து சிந்தித்துப் பாருங்கள். யாரோ அவர் மனத்தைக் கலைத்திருக்கிறார்கள். எட்டு வாரமாக அவர் வந்து போன இடம் இது ஒன்றே. வேறு யாரை நான் சந்தேகிப்பது?

— நேரா அவரையே கேளுங்க. ஒம்போது மணி ஆகப் போகுது, இப்ப வந்துடுவாரு.

— இன்று வரமாட்டார். பாடகர் குழுத் தலைவியையும் அவருடைய கணவரையும் அவர் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊக்கப்படுத்தும்படி.

— திங்கக்கிழமையிலயுமா! சரி, இந்தக் கன்னம் முடிஞ்சுது. அந்தப் பக்கம் முள்ளு முள்ளா இருக்கு. வெந்நீர்த் துண்டு போட்டு அஞ்சு நிமிஷம் ஊறணும். வாயையும் சேத்து மூடறேன். எனக்கும் கொஞ்சம் ஓய்வு கெடைக்கும்.

— நான் இன்னும் கூறி முடிக்கவில்...

— முடிச்சாச்சு. சாஞ்சுக்கங்க.

— தம்பி, உள்ள வரலாமா?

— ஐயோ, பாஸ்டரய்யா! நீங்க இன்னைக்கு வரமாட்டீங்கன்னு...

— யாரு சொன்னா?

— யாரு... யாரும் சொல்லல. ஐயா, இங்க நாற்காலியில...

— பாத்தேன் பாத்தேன். துண்டுக்குள்ள தூங்கறவரை எழுப்பாத. கொடுத்து வெச்சவரு. நான் இந்த பெஞ்சுல உக்காந்துக்கறேன்.

— இல்லீங்க, இவரு யாருன்னா... ஆ!

— என்னாச்சு தம்பி?

— கைய கிள்ளிட்டாரு. தூக்கத்துல.

— பாவம், என்ன கனவோ. விடு. இன்னைக்கு நான் எப்பிடி வந்தேன் தெரியுமா? பின் கதவு வழியா. செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு.

— ஐயா, வெளிய போயி நின்னு பேசலாமா? காத்து நல்லா வருது.

— கால் வலிக்குது தம்பி. காலங்காத்தால கதவைத் தட்டினாங்க. பாட்டு சொல்லிக் குடுக்கற அம்மாவும் அவங்க வீட்டுக்காரரும். "என்னம்மா விசேஷம்?"னேன். "செக்ரட்டரி அனுப்பினாரு பாஸ்டர், உங்கள ஒரு மணி நேரம் ஊக்கப்படுத்தணுமாம்"னாங்க. அந்த மனுஷனுக்கு வேலைக்கு நேரமாச்சு. கடிகாரத்தப் பாக்கறாரு, என்னைப் பாத்து சிரிக்கறாரு, மறுபடியும் கடிகாரம். தண்ணி கொண்டு வர்றேன்னு உள்ள போனவன் அப்பிடியே வந்துட்டேன். இப்ப என் வீட்டுக்காரி உக்காந்து ஊக்கம் வாங்கிட்டிருக்கா.

— செக்ரட்டரி ஐயா நல்லதுக்குத்தானே செய்யறாரு. தங்கமான மனுஷன். அவரப் பத்தி நாம ஒண்ணும் பேச வேண்டாமே.

— தங்கம்தான். நான் இல்லேன்னா சொன்னேன்? ஆனா ஒரு வருஷமா என் வீட்டுக் கதவைத் தட்டற அத்தனை பேரும் சொல்ற மொத வார்த்தை என்ன தெரியுமா? "செக்ரட்டரி அனுப்பினாரு." போகும்போது கையெழுத்துப் போட்டுட்டுப் போறாங்க. எனக்குக் காய்ச்சல் வந்துதே, மூணு நாள் படுத்துட்டேன். அப்பவும் வந்தாங்க. ஒருத்தர்கூடக் கட்டில்கிட்ட வந்து நெத்தியத் தொட்டுப் பாக்கல தம்பி; வாசல்லயே கையெழுத்துப் போட்டுட்டு, "உடம்பப் பாத்துக்கங்க பாஸ்டர்"னு அங்கிருந்தே சத்தம் குடுத்துட்டுப் போயிட்டாங்க.

— அவங்க தப்பு அது. அவரு என்ன பண்ணுவாரு?

— அவரு தப்புன்னு நான் சொல்லல. எல்லாரையும் எனக்காகத் தள்ளித் தள்ளி அனுப்பறாரு. தள்ளினாத்தான் வர்றாங்கன்னு எனக்கு இப்ப நல்லாத் தெரிஞ்சு போச்சு. அதைத் தெரிஞ்சுக்காமலே இருந்திருக்கலாம்.

— ஐயா, போதும். அப்புறம் ஏன்டா சொன்னோம்னு வருத்தப்படுவீங்க.

— இன்னும் ஒண்ணு இருக்கு. கேட்டா சிரிப்ப. எனக்கு அந்த மனுஷன் மேல பொறாமை.

— யாருக்கு? உங்களுக்கா? அவரு மேலயா?

— ஒரு போதகன் வாயில வரக்கூடாத வார்த்தைதான். போன மாசம் எங்க சபை வெல்டர் வீட்டுல அவன் அம்மா தவறிட்டாங்க. அவன் மொதல்ல ஓடினது செக்ரட்டரி வீட்டுக்கு. அவரு வந்து சொன்னப்புறந்தான் எனக்கே தெரியும். நர்ஸ் பொண்ணு கல்யாணம் நின்னு போச்சே, அந்தப் பொண்ணு உக்காந்து அழுததும் அவரு வீட்டுலதான். ஞாயித்துக்கிழமை நான் நாப்பது நிமிஷம் பேசறேன், கொட்டாவி வருது. அப்புறம் அவரு எந்திரிச்சு அறிவிப்பு வாசிக்கறாரு, ஜனங்க பேனாவை எடுத்துக் குறிச்சுக்கறாங்க. நான் அ, ஆ சொல்லிக் குடுத்த ஆளு! சந்தோஷப்படத்தானே வேணும்? உள்ளுக்குள்ள காந்துது தம்பி. அதை வெச்சுக்கிட்டு அவரு பக்கத்துல நின்னு ஆசீர்வாதம் சொல்ல முடியல. அதான் மாத்தல் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன்.

— இதுக்காகவா ஊரை விட்டே போறீங்க?

— இதை என்னன்னு எழுதறது? சொந்தக் காரணம்னு எழுதினேன். இந்நேரம் அதுலயும் திருத்தத்தக்கவை மூணு கண்டுபிடிச்சிருப்பாரு.

— சிரிக்க வெக்காதீங்க ஐயா, கையில கத்தி இருக்கு.

— உனக்கு ஒண்ணு சொல்லட்டுமா? அந்த சமையக்கட்டு மேசையில அவரு படிக்க வந்த நாள்ல, பென்சிலை உளி மாதிரி பிடிப்பாரு. ஒரு எழுத்து எழுதினா தாள் கிழியும். சரியா வந்துட்டா என் தோள்ல ஓங்கி ஒரு தட்டுத் தட்டுவாரு பாரு, ரெண்டு நாளைக்கு வலிக்கும். மழையில நனைஞ்சுக்கிட்டு வருவாரு. வெயில்ல வருவாரு. ஒரு வாரம் பசியோட வந்தாரு, சொல்லவே இல்ல. அவர யாரும் என்கிட்ட அனுப்பல. இத்தனை வருஷத்துல இந்த ஊர்ல தானா என்னைத் தேடி வந்த ஆளு அவரு ஒருத்தருதான்.

— இப்பவும் திங்கக்கிழமை வர்றாரே ஐயா.

— இப்ப வர்றது செக்ரட்டரி. கையில கோப்பு, அதுல நிகழ்ச்சி நிரல். "முதலாவதாக, தங்கள் உடல்நலம்"னு ஆரம்பிப்பாரு. ரெண்டாவது, வெள்ளையடிக்கற வேலை. நானும் நாற்காலி நுனியில உக்காந்து பதில் சொல்லுவேன். தாளைக் கிழிச்ச அந்த ஆளு எங்க போனாருன்னு தெரியல. அவரு இருந்தா நான் ஏன் போறேன்?... என்ன தம்பி, உன் கிராக்கி தோள் குலுங்குது?

— வந்து... அவருக்கு... துண்டு ரொம்ப சூடுன்னு நெனைக்கறேன்.

— எடுத்து விடு, பாவம். வெந்துடப் போகுது.

— எடுக்கட்டுங்களா ஐயா? உங்களத்தான் கேக்கறேன். இந்தத் தடவ கிள்ளாதீங்க. வாயால சொல்லுங்க.

— எடுங்கள்.

— இந்தக் குரலு... செக்ரட்டரி? நீங்களா? அரை மொகத்தோட?

— மதிப்புக்குரிய போதகர் அவர்களே. முதலாவதாக, என்னை மன்னிக்க வேண்டும். இரண்டாவதாக, நான் இங்கே வந்ததன் நோக்கம்... நோக்கம் யாதெனில்...

— கேட்டாச்சா எல்லாத்தையும்? சரி. இனி மறைக்க என்ன இருக்கு. சொல்லுங்க, யாரு அனுப்பினா? சபைக் கமிட்டியா?

— பாஸ்டர்... கமிட்டி இல்ல. நீங்க இங்க வந்து தூங்கறீங்கன்னு தெரியாம, உங்கள இவரு பிடுங்கிக்கிட்டாருன்னு பொறாமையில வந்தேன். ஆனா யாரும் அனுப்பல, நானா வந்தேன்.